காலடியில் நின்ற மழை

"வாப்பா, வண்டிக்குள்ள ஏரி வந்துட்டுது."

முன் இருக்கையில் அமர்ந்து காலைக் கீழே வைத்த என் உம்மா இப்படிச் சொன்னபோது நான் சிரித்தேன். அவர்களுக்கு வயது 78. பழவேற்காட்டில் பிறந்து, பழவேற்காட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். எதைச் சொன்னாலும் ஏரியைத் தொட்டுத்தான் சொல்வார்கள். குனிந்து தொட்டுப் பார்த்த பிறகே எனக்குச் சிரிப்பு நின்றது. இடப்பக்கத்து முன் இருக்கையின் காலடியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே, கார்பெட்டு பிழிந்தெடுக்கலாம் போல் ஊறிக் கிடந்தது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கம் அது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை முந்திய இரவு கொட்டித் தீர்த்திருந்தது.

ஒரு காரின் காலடியில் நீர் ஊறுவது ஒரு கட்டுரைக்குரிய செய்தியா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். எங்கள் இல்லத்தில் அது அற்பச் செய்தியாக இருக்கவில்லை. உம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். அவ்வாண்டு கோடையில் வலது உள்ளங்காலில் ஒரு சிறு புண் கண்டு, ஆறுவேனா என்று அடம் பிடித்தது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சென்னைக்கு அழைத்துச் சென்று கட்டு மாற்றி வர வேண்டும். "கால் ஈரம் காணக் கூடாது" என்பதே மருத்துவர் வற்புறுத்திச் சொன்ன ஒரே சொல். ஒளூச் செய்யும்போதுகூட அந்தக் காலைத் துணி சுற்றி, நனைந்த கையால் மேலே தடவி வந்தார்கள். பின் இருக்கையில் ஏறி அமர அவர்களால் இயலாது. முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக் கொண்டுதான் வருவார்கள். அந்தக் காலடியில்தான் நீர்.

மற்றவரைக் குறை சொல்வதில் மனிதனுக்கு இருக்கும் விரைவை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். எனக்குக் காரணம் தேட ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. ஆகஸ்டு மாதத்தில் பொன்னேரிச் சாலையில் ஒரு லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த ஜல்லி எங்கள் காரின் முன் கண்ணாடியில் விரிசல் விட்டது. அதை மாற்றிக் கொடுத்தவர் பக்கத்து ஊரில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞர். என்னிடம் பள்ளியில் படித்தவர். பழைய கார்களில் முன் கண்ணாடியை ரப்பர் பட்டைக்குள் செருகி வைப்பார்கள். இக்காலத்துக் கார்களில் ஒருவகைக் கறுப்புப் பசையால் உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். பசையில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் நீர் வழி கண்டுவிடும். கண்ணாடி மாறியது ஆகஸ்டில். நீர் வந்தது நவம்பரில். இடையில் பெருமழை இல்லை. ஆகவே கண்ணாடிதான். கணிதம் கற்பித்தவன் நான். என் தீர்வில் பிழை இருக்குமா?

அழைத்ததும் வந்தார். ஒரு குடம் நீரைக் கண்ணாடியின் மீது மெல்ல ஊற்றிப் பார்த்துவிட்டு, "சார், கண்ணாடி வழியா வர்ற மாதிரி தெரியலை" என்றார். "பின்னே எந்த வழியா வருது?" என்றேன். அதற்கு அவரிடம் விடை இல்லை. விளிம்பு முழுவதும் புதிதாகப் பசை தடவிக் கொடுத்துப் போனார். அடுத்த சில நாட்கள் தூறல்தான். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. என் கணிப்பு சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். நவம்பர் நடுவில் மீண்டும் ஓர் இரவு முழுவதும் மழை; மீண்டும் காலடியில் ஏரி. இம்முறை அவர் கண்ணாடியையே கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஒரு பகல் முழுவதும் உழைத்து மறுபடி பொருத்தினார். கூலி கேட்கவில்லை. முதல் வேலையில் நான் கொடுக்க வேண்டிய பாக்கி 1500 ரூபாய் இருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் வண்டி நனைந்தது. அந்த முறை சென்னை போகும் வழியில் நான் பிரேக்கை அழுத்தியபோது, கார்பெட்டுக்கு அடியில் தேங்கியிருந்த நீர் முன்னோக்கிப் பாய்ந்து, உம்மாவின் காலுக்காக நாங்கள் போட்டிருந்த பலகையையும் தாண்டிக் கட்டின்மேல் ஏறிவிட்டது. மருத்துவமனையில் கட்டை அவிழ்த்த தாதி, "எப்படி நனைந்தது?" என்று கேட்டார். உம்மா என்னைக் காட்டிக் கொடுக்காமல், "மழைதானே, தாயி" என்றார்கள். புண் வெளுத்துப் போயிருந்தது. ஆறி வந்தது மேலும் சில வாரங்கள் தள்ளிப் போயிற்று.

அன்று மாலை ஊர் திரும்பி, தேநீர்க் கடையில் நாலு பேர் நடுவே நான் பேசிய சொற்கள் இவை: "அந்தப் பையனிடம் யாரும் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேலையில் சுத்தம் இல்லை." அவர் அங்கே இல்லை. ஆனால் ஊரில் சொல் நடந்து போகாது, ஓடும்.

நிற்க. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மூழ்கடித்துவிட்டு, 5ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே அது கரை கடந்ததை யாவரும் அறிவர். கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் எனக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே வாழும் எங்கள் சுற்றத்து ஊர்களில் அந்நாட்களில் யாருக்கும் உறக்கமில்லை. எங்கள் வீட்டு முற்றம் சற்று மேடு. தெருவில் ஓடிய நீர் உள்ளே ஏறவில்லை. மழை விட்ட பின் காரைத் திறந்தேன். இடப்பக்கத்துக் காலடியில் ஒரு சாண் நீர். வலப்பக்கம் காய்ந்து கிடந்தது.

சினத்தோடு கைப்பேசியை எடுத்தவனை என் மனைவி தடுத்தார். "அந்தப் பிள்ளையை அப்புறம் ஏசலாம். முதலில் இது எந்தத் தண்ணி என்று பாருங்க" என்றார். எந்தத் தண்ணீரா? விளக்கினார்: மேலிருந்து வந்தால் மழைநீர், அடியிலிருந்து ஏறினால் சாலையில் தேங்கிய ஏரித் தண்ணீர், அதில் உப்பு இருக்கும். எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் எடுத்து வெயிலில் வைத்தார். காய்ந்ததும் தட்டில் அழுக்கு இருந்தது, உப்புப் பூக்கவில்லை. கருவாட்டோடு வாழும் ஊரில் பெண்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனினும் இது முழுச் சாட்சி ஆகாது. ஆரணியாறும் காலங்கியும் சுவர்ணமுகியும் வெள்ளத்தைக் கொண்டு வந்து கொட்டும் அந்த வாரத்தில் ஏரியே ஏறக்குறைய நன்னீராகிவிடும். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. வண்டி இரண்டு நாளும் அசையவில்லை. அடியில் நீர் தொடவில்லை. ஏ.சி. இயந்திரம் கக்கும் நீரும் அதே இடப்பக்கத்தில்தான் ஒழுகும் என்பார்கள். அதையும் நான் போடவில்லை. ஆகவே மேலிருந்து வந்த மழைநீர் என்பது மட்டும் உறுதியாயிற்று. எவ்வழியாக?

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். மரப்படகுகள் ஓடிய காலத்தில் கலப்பத்து வேலை செய்தவர். பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, நீர் புகாமல் அடைக்கும் வேலை அது. இப்போது ஏரியிலும் கடலிலும் பைபர் படகுகளே மிகுதி. அவருடைய உளியும் கொட்டாப்புளியும் பரணில் கிடக்கின்றன. புயல் சேதத்தை விசாரிக்க வந்தவர் நான் நீரை முகந்து ஊற்றுவதைக் கண்டு நின்றார்.

"வாத்தியாரே, படகுல தண்ணி எங்க நிக்கும்?"

"பள்ளத்தில் நிற்கும், அண்ணே."

"நிக்கிற இடத்தை அடைச்சா படகு முழுகாம இருக்குமா?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு தாம் ஓட்டை கண்டுபிடித்த முறையைச் சொன்னார். படகைக் கரையேற்றி, முழுவதும் காயவிட்டு, பிறகு உள்ளே நீர் ஊற்றிவிட்டு வெளியே சுற்றி வந்து பார்ப்பாராம். எங்கே ஈரக் கோடு இறங்குகிறதோ அங்கே ஓட்டை. ஈரமான படகில் ஓட்டை தேடுகிறவன் முட்டாள் என்பது அவர் தீர்ப்பு. நான் மூன்று முறை ஈரமான வண்டியில்தான் ஓட்டை தேடியிருந்தேன்.

இருக்கையைக் கழற்றினோம். கார்பெட்டுக்கு அடியில் விரல் தடிப்புக்கு ஒரு கம்பளிப் பஞ்சு இருக்கிறது. சத்தத்தையும் வெப்பத்தையும் தடுக்க வைப்பது. நீர் பட்டால் அதைவிடக் குடிகாரன் உலகில் இல்லை. மேலே காய்ந்தது போல் காட்டிக் கொண்டு உள்ளே படிப்படியாக நீரை வைத்திருந்தது. துர்நாற்றத்தின் இருப்பிடமும் அதுவே. மூன்று நாள் வெயிலில் போட்ட பிறகே அது காய்ந்தது. தரைத் தகட்டில் காசளவு துரு இரண்டு இடங்களில் தொடங்கியிருந்தது. உப்புக் காற்றடிக்கும் ஊரில் துரு பேசினால் கேட்டுக் கொண்டிருக்க முடியாது.

தகடு காய்ந்ததும் என் பழைய தொழிற்கருவி ஒன்று உதவிற்று. சுண்ணக்கட்டி! ஓய்வு பெற்றபோது மிஞ்சிய ஒரு பெட்டி அலமாரியில் இருந்தது. அதைப் பொடியாக்கித் தரையிலும், கதவோரங்களிலும், டேஷ்போர்டுக்குக் கீழே கை எட்டிய இடமெல்லாம் தடவினோம். வெண்மையின்மேல் ஒரு துளி ஓடினாலும் கறுத்த கோடாகத் தெரியும். என் சகோதரியின் மகன் டார்ச் விளக்கோடு உள்ளே சுருண்டு படுத்துக் கொண்டான். நான் வெளியே ரப்பர் குழாயைப் பிடித்தேன். மேலிருந்து தொடங்கக் கூடாது. உச்சியில் நீர் விட்டால் அது எல்லா இடத்தையும் நனைத்துக் கொண்டே இறங்கும். எது குற்றவாளி என்று தெரியாது. கீழிருந்து ஒவ்வோர் இடமாக ஏற வேண்டும்.

கதவின் அடிப்பாகத்தில் பத்து நிமிடம் விட்டேன். உள்ளிருந்து, "இல்லை, மாமா." கதவுக் கண்ணாடியில் பத்து நிமிடம். கதவுக்குள் இறங்கும் நீர் அதன் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியே வடிந்ததைக் கண்டேன். அதற்காகவே வைத்த துளைகள் அவை. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்து முன் கண்ணாடி. அதன் கீழே, வைப்பர் கைகள் முளைத்திருக்கும் கறுப்புச் சல்லடை மூடியின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டிவிட்டு, கண்ணாடியின் விளிம்பில் மட்டும் நீர் படும்படி கால் மணி நேரம் விட்டேன்.

"இல்லை, மாமா. சுண்ணாம்பு அப்படியே வெள்ளையா இருக்கு."

குழாயைப் பிடித்திருந்த என் கை தளர்ந்தது. இரண்டு முறை பசை தடவி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் குனிந்து உழைத்த அந்த இளைஞரின் முதுகு என் கண்முன் வந்தது. அவர் முதல் நாளே சொன்னாரே!

பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டுச் சல்லடை மூடிக்குள் மட்டும் நீரை விட்டேன். ஒரு குடம் போயிற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது. திடீரென்று உள்ளிருந்து கூச்சல்: "வருது மாமா, வருது! ஊத்துது!" சொட்டுச் சொட்டாக வரவில்லை. புளோயர் இருக்கும் பெட்டியின் அடியிலிருந்து மடை திறந்தாற்போல் கொட்டியது.

பானட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினோம். உள்ளே ஒரு நீள்தொட்டி. கண்ணாடியில் வழியும் மழை முழுவதும் அங்கே இறங்கி, இரு மூலைகளிலும் உள்ள வடிதுளைகள் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னே தரையில் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. அதே தொட்டியின் இடப்பக்கத்தில்தான் புளோயர் வெளிக்காற்றை இழுக்கும் வாய் இருக்கிறது. நீர் புகாமலிருக்க அதற்குச் சில விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு. தொட்டி முழுவதும் வேப்பஞ்சருகு, வேப்பம்பூ, காம்பு, கடல் மணல் எல்லாம் மக்கிக் கறுத்த சேறாகப் படிந்திருந்தது. இரு துளைகளும் இருந்த இடமே தெரியவில்லை. மழை சிறிதானால் நீர் தொட்டியில் தேங்கி மெல்லக் கசிந்து போகும். பெருமழையானால் மட்டம் ஏறி, விளிம்பைத் தாண்டி, காற்றின் வாய் வழியாக உம்மாவின் காலடிக்கு வந்துவிடும். தூறலில் காய்ந்தும் பெருமழையில் நனைந்தும் வண்டி காட்டிய மாயம் இவ்வளவே. அவர் ஊற்றிப் பார்த்த ஒரு குடம் அந்தத் தொட்டியை நிரப்பப் போதவில்லை.

பெரியவர் ஓர் ஈர்க்குச்சியை எடுத்து இடப்பக்கத் துளையில் விட்டுக் குடைந்தார். குபுக்கென்று ஒரு சத்தம். தேங்கிய நீர் முழுவதும் சக்கரத்துக்குப் பின்னே அருவியாக விழுந்தது. "மொகத்துவாரம் வெட்டியாச்சு" என்றார்.

இதை எழுதும்போது எனக்கே வியப்பாக இருக்கிறது. முகத்துவாரத்தின் கதையை எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. கடலுக்கு அது திறக்கும் வாயைக் கடல் நீரோட்டம் கொண்டுவரும் மணல் அடைத்துக் கொண்டே இருக்கும். வாய் அடைந்தால் இறால் குஞ்சும் மடவையும் உள்ளே வரா. படகு வெளியே போகாது. ஆறுகளில் வெள்ளம் வந்தால் வடிய வழியின்றி ஏரி ஊருக்குள் ஏறும். அப்போதெல்லாம் மீனவ மக்கள் மண்வெட்டியோடு சென்று மணலை வெட்டிவிட்டதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். வெள்ளத்தைக் கண்டால் முகத்துவாரத்தைப் பார் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே. என் வண்டிக்குள் ஏரி வந்துவிட்டது என்று உம்மா முதல் நாளே சொன்னார்கள். எனக்குத்தான் விளங்கவில்லை.

வேம்பைக் குறை சொல்வதற்கில்லை. அவ்வாண்டு தை மாதம் வரை வண்டி தெருவோரம் வெயிலில் நின்றது. நிழலாக இருக்கட்டும் என்று முற்றத்து வேம்பின்கீழ் கொண்டு வந்து நிறுத்தியவன் நான். மாசி, பங்குனியில் இலை உதிர்ந்தது. சித்திரையில் பூ உதிர்ந்தது. ஆகஸ்டில் கண்ணாடி உடைந்தது. நவம்பரில் மழை வந்தது. வரிசையில் கடைசிக்கு முன் நின்றவரை நான் பிடித்துக் கொண்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். 1500 ரூபாயும், இரண்டு முறை வந்து உழைத்ததற்கான கூலியும் ஓர் உறையில் வைத்திருந்தேன். ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். கண்டுபிடித்த விதத்தைச் சொன்னேன். தொழில் ஆர்வத்தோடு முழுவதும் கேட்டார். "அந்த மூடியை நான் கழற்றிப் பார்த்திருக்கணும் சார், என் மேலயும் தப்பு" என்றார். அந்தப் பெருந்தன்மை என்னை மேலும் தாழ்த்தியது. உறையை வாங்கி எண்ணிப் பார்த்து, பாக்கியை மட்டும் எடுத்துக் கொண்டு மீதியை நீட்டினார். வற்புறுத்தினேன். சற்றுத் தயங்கி, "பணம் கிடக்கட்டும் சார். டீக்கடையில நீங்க சொன்னது இங்க வரைக்கும் வந்துச்சு. ரெண்டு வண்டி வேற இடத்துக்குப் போயிடுச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அன்று அஸருக்குப் பின் அதே தேநீர்க் கடைக்குச் சென்றேன். அன்றிருந்த நால்வரில் இருவர்தான் இருந்தனர். மற்றவர்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் கேட்கும்படி, தவறு என்னுடையது, அவருடைய வேலையில் பழுதில்லை என்று சொன்னேன். ஒருவர், "எந்தப் பையன்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. மற்றவர் தலையாட்டிவிட்டுப் புயல் நிவாரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். போன இரண்டு வண்டிகளின் உரிமையாளர்கள் யாரென்று விசாரித்து, அவர்களில் ஒருவரிடம் நேரில் சென்று சொன்னேன். இன்னொருவர் வெளியூர்க்காரர், யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தரையின் துருவைத் தேய்த்து வர்ணம் பூசினார். சருகைத் தடுக்க மூடியின்கீழ் ஒரு வலைத்துண்டு கட்டலாமே என்று என் மனைவி பழைய நைலான் வலையைக் கொண்டு வந்தார். "வேண்டாம் அம்மா, வலையே அடைச்சுக்கும். மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து கையால அள்ளுங்க, போதும்" என்றார். போகும்போது வேம்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "மரத்தை வெட்டிடாதீங்க சார்" என்று சொல்லிச் சென்றார். வெட்டவில்லை.

ஜனவரியில் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. உம்மாவை அழைத்துக் கொண்டு சென்னைக்குப் புறப்பட்டோம். திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது கண்ணாடியில் நீர் திரையாக வழிந்தது. வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் சாலை சரியாகத் தெரியவில்லை. உம்மா ஒன்றும் பேசாமல் குனிந்து, கட்டுப் போட்ட காலுக்கு அருகே கார்பெட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார்கள். பிறகு கையை மூக்கருகே கொண்டு போனார்கள்.

"காஞ்சுதான் இருக்கு. வேப்பிலை வாசம் மட்டும் போகலை" என்றார்கள்.